ரதி கால் தூக்கும் இடம்

அம்மா ரொட்டிக்கு மா பிசையும்போது ஒரு மெட்டை முனகுவாள். சொல் இருக்காது, வாயும் திறக்காது. ஒரு வரி உயரத்தில் தொடங்கிப் படிப்படியாக இறங்கி, கடைசிச் சுரத்தைத் தொட்டதும் நிற்கும். நின்ற இடத்தில் மாவுக்குள் இருக்கும் அவள் கையும் நிற்கும். சரியாக இரண்டு எண்ணிக்கை. அப்புறம் அடுத்த வரி, மாவில் அடுத்த குத்து.

அப்பாவின் ஊர் ஹட்டன் பக்கம், தேயிலைத் தோட்டம். அம்மா பிறந்தது தெரணியகலையில், ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் வரிசைவீடான லயத்தில். மாசி மாதம் எங்கள் தோட்டத்தில் காமன் கூத்து நடக்கும். மன்மதனைப் பறிகொடுத்த ரதி கம்பத்தைச் சுற்றி அழுதபடி ஆடும் கட்டத்தில் அம்மாவின் அதே மெட்டு வரும். ஆனால் அந்த நிறுத்தம் வராது. ஒரு வரி முடிவதற்குள் அடுத்த வரி வந்து ஒட்டிக்கொள்ளும். ஒரு முறை அம்மாவிடம் கேட்டேன். "எங்க தோட்டத்துல அப்பிடித்தான்" என்றாள். அதற்கு மேல் அவளுக்கும் தெரியாது.

அம்மா போய் ஓராண்டாகிறது. அந்த இரண்டு எண்ணிக்கை எங்கிருந்து வந்தது என்று கேட்டறியத்தான் இந்த மாசியில் தெரணியகலைக்குப் புறப்பட்டேன்.

*

கொழும்பு புறக்கோட்டையில் அவிசாவளை பஸ். ரயிலில் போகவும் வழியுண்டு. 2 அடி 6 அங்குல அகலத்தில் போட்ட களனிவெளிப் பாதையில்தான் ஒரு காலத்தில் இந்தப் பள்ளத்தாக்கின் தேயிலையும் ரப்பரும் கொழும்புத் துறைமுகத்துக்கு இறங்கின. அவிசாவளையில் பிரிந்து எட்டியாந்தோட்டை வரை போன கிளைப்பாதையை இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கழற்றி எடுத்துவிட்டார்கள். மிஞ்சிய பாதையை 1990-களில் அகலமாக்கினார்கள். அம்மாவுக்கு அது கடைசிவரை "சின்னக் கோச்சி"தான்.

அவிசாவளைதான் பழைய சீதாவாக்கை. 16-ஆம் நூற்றாண்டில் மாயாதுன்னையும் அவன் மகன் முதலாம் இராஜசிங்கனும் போர்த்துக்கீசரோடு மோதிய இராச்சியத்தின் தலைநகரம் இதுவே. சீதையை இங்கே சிறைவைத்ததால் வந்த பெயர் என்று ஊரார் சொல்கிறார்கள். தெரணியகலைப் பக்கத்து மலைகளிலிருந்து இறங்கிவரும் சீதாவாக்கை ஆறு அவிசாவளைக்கு அருகே களனி ஆற்றில் சேர்கிறது. புருசனைப் பிரிந்த பெண்ணின் பெயர் அந்த ஆற்றுக்கு. நான் தேடிப்போவதும் அப்படி ஒருத்தியின் அழுகை. பஸ் தல்துவையில் திரும்பி மலை ஏறத் தொடங்கியபோது அந்த ஆறும் கூடவே வந்தது.

பஸ்ஸில் சிங்களப் பாட்டு. இரண்டாவது பாட்டின் மெட்டு பழைய தமிழ்ச் சினிமாவில் கேட்ட மெட்டு மாதிரி இருந்தது. பக்கத்து இருக்கை அம்மையார் அதைத் தம் பாட்டாகவே கூடப் பாடிக்கொண்டு வந்தார். இது நம்மிடமிருந்து போனது என்று சொல்லத் தோன்றவில்லை. இந்தத் தீவில் மெட்டுகள் வேலி தாண்டுவது பழைய வழக்கம். தமிழ் நாட்டுக்கூத்திலிருந்து ‘நாடகம’ என்ற சிங்களக் கூத்துவகை பிறந்தது. அந்தப் பழைய மெட்டுகளைக் கேட்டறிந்து சிங்கள நாடகாசிரியர் எதிரிவீர சரச்சந்திர 1956-இல் ‘மனமே’யை மேடையேற்றினார். இன்று சிங்கள அரங்கின் தலைமகன் என்று போற்றப்படும் அந்த நாடகத்தின் இசைக்குள் நம் கூத்து அண்ணாவிமார்களின் மூச்சும் இருக்கிறது. அதனால் ‘மனமே’ சிங்களவர்களுடையது அல்ல என்று யாரும் சொல்வதில்லை. சொல்லவும் கூடாது.

*

தெரணியகலை சின்ன டவுன். கடைத்தெரு, பாலம், பஸ் ஸ்டாண்ட், அதற்கப்பால் எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை. கிழக்கே போகும் பாதை மாலிபொட வழியாகக் காட்டுக்குள் ஏறிச் சிவனொளிபாதமலைக்குப் போகிறது. இலங்கையில் மழை மிகுந்த இடங்களில் இதுவும் ஒன்று. பாறையிலும் பாசி, தகரத்திலும் பாசி.

நான் போன மாதம் மட்டும் மழை குறைவு. ரப்பர் மரங்கள் இலையுதிர்த்துவிட்டுச் செம்பு நிறத்தில் தளிர்விடும் காலம். தைக்குப் பிறகு மரம் மொட்டையாகும், பால் குறையும், வெட்டு தளரும். தேயிலைக் காட்டில் பிறந்த எனக்கு இது புதிது. எங்கள் மலையில் காமன் எரியும் மாதத்திலும் கொழுந்து பச்சையாகவே இருக்கும். இங்கே காமன் எரிகிற மாதத்தில் மரங்களெல்லாம் உதிர்ந்து மறுபடி துளிர்க்கின்றன. மூன்றாம் நாள் உயிர்த்தெழும் மன்மதன் கதைக்கு இந்த ரப்பர்க் காட்டைவிடப் பொருத்தமான மேடை கிடைக்காது.

அம்மாவின் தோட்டம் டவுனிலிருந்து ஆட்டோவில் அரைமணி ஏற்றம். வழியில் ஒரு மலைச்சரிவில் மரங்கள் வரிசை பிசகாமல் நின்றன. ஒவ்வொரு பட்டையிலும் சாய்வான வெட்டு, வெட்டின் முனையில் தகரப் பீலி, கீழே சிரட்டை. ஆட்டோ ஓட்டிய தம்பியின் அப்பா பால்வெட்டுக்காரர். "இந்த மலை ஆர்.ஆர்.ஐ.சி. 100 அக்கா. அந்தப் பக்கம் இருந்ததெல்லாம் பழைய பீ.பீ. 86, புடுங்கிட்டாங்க" என்றான், ஊர்ப்பிள்ளைகளின் பெயரைச் சொல்வதுபோல.

எனக்கு மனம் அங்கேயே நின்றுவிட்டது. ரப்பர் மரம் ஒவ்வொன்றுக்கும் பூர்வீகம் எழுதிவைக்கப்பட்டிருக்கிறது. 1876-இல் ஹென்றி விக்கம் அமேசான் காட்டிலிருந்து விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். அங்கே முளைத்த கன்றுகளில் ஏறக்குறைய 2,000 அதே ஆண்டில் கப்பலேறி இலங்கைக்கு வந்து கம்பஹாவுக்கு அருகே ஹெனரத்கொடவில் நடப்பட்டன. பீ.பீ. என்றால் மலாயாவின் பிராங் பெசார் தோட்டத்தில் தேர்ந்தெடுத்த இனம். ஆர்.ஆர்.ஐ.சி. என்றால் நம் ரப்பர் ஆராய்ச்சி நிலையம் உண்டாக்கிய இனம். கலந்து உண்டாக்கிய இனமானால் தாய் எது, தகப்பன் எது என்றும் ஏட்டில் உண்டு.

அந்த மரங்களை நட்டவர்களுக்கு அப்படி ஏடு இல்லை. 1948-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவர்களிடம் அதைத்தான் கேட்டது. இங்கே பிறந்திருந்தால் மட்டும் போதாது. தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். அதைக் கடதாசியில் காட்டவும் வேண்டும். லயத்துக் காம்பராவில் பிறந்து வளர்ந்தவர்களில் எத்தனை பேரிடம் பாட்டனின் பிறப்புப் பத்திரம் இருந்திருக்கும்? ஒரு சமூகமே நாடற்றதாயிற்று. "உன் பூர்வீகம் எது?" என்ற கேள்வியால் அடிபட்ட மக்களிடம் நான் ஒரு மெட்டின் பூர்வீகத்தைக் கேட்கப் போகிறேன். ஆட்டோவில் உட்கார்ந்திருந்தபோதே அது உறைத்தது. எப்படிக் கேட்பது என்பதை யோசித்துக்கொண்டே ஏறினேன்.

*

அம்மா பிறந்த மேட்டு லயம் பாதி இடிந்து கிடந்தது. மிச்சம் ஆறு காம்பராக்களில் ஆட்கள் இருந்தார்கள். தூரத்து உறவில் ஒரு சின்னம்மா என்னைக் கண்டதும் கன்னத்தைத் தடவி, "அக்கா மூஞ்சி அப்பிடியே இருக்கு" என்று அழுதார். அவருடைய பேரப்பிள்ளைகள் தங்களுக்குள் சிங்களத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். சப்ரகமுவத் தோட்டங்களில் இது வழக்கமாகிவிட்டது. நுவரெலியா மாவட்டத்தைப் போல இங்கே தமிழர்கள் நெருங்கி வாழவில்லை. சிங்களக் கிராமங்களுக்கு நடுவே திட்டுத்திட்டாகச் சிதறி இருக்கிறார்கள். பக்கத்தில் இருப்பது சிங்களப் பள்ளிக்கூடமாக இருந்தால் பிள்ளை அங்கே போகிறது. வீட்டுக்குள் தமிழ் தேய்கிறது. ஆனால் மாசி பிறந்தால் அதே பிள்ளைகள் காமன் கம்பத்தடியில் வந்து நிற்கிறார்கள் என்றார் சின்னம்மா.

"அந்த மெட்டா? அதுக்கு தப்புக்காரத் தாத்தாவத்தான் கேக்கணும்" என்று கூட்டிப்போனார்.

தாத்தாவுக்கு எண்பது தாண்டியிருக்கும். முன்திண்ணையான இஸ்தோப்பில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தலைக்கு மேலே ஆணியில் தப்பு தொங்கியது. வட்ட மரச்சட்டம், அதில் இறுக்கிய கன்றுத்தோல், தோலின் நடுவில் பல்லாண்டு அடிபட்ட கறுப்பு. பக்கத்தில் இரண்டு குச்சிகள். ஒன்று மெலிந்து நீண்ட சிண்டுக்குச்சி, மற்றது கட்டையான அடிக்குச்சி.

"வா தாயி. யாரு மக நீ?"

அம்மாவின் பெயரைச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். "கடைசிக் காம்பரா. ரெண்டு பொட்டப்பிள்ள. பெரியவ கப்பல்ல போயிட்டா."

அம்மாவையும் பெரியம்மாவையும் அவர் அப்படி அடையாளம் கண்டது எனக்குத் தெம்பாக இருந்தது.

தப்பைப் பற்றி அவர் பேசினார். அந்தக் காலத்தில் விடியுமுன் பெரட்டுக்கு, வேலைக்கு ஆள் கூடும் இடத்துக்கு, ஆள் எழுப்பியது தப்புதான். கலியாணத்துக்குத் தப்பு, சாவுக்குத் தப்பு, சாமிக்குத் தப்பு. ஒவ்வொன்றுக்கும் வேறு அடி. தூரத்திலிருந்து கேட்டாலே இது இன்னாருடைய சாவு வீடு, இது அம்மன் ஊர்வலம் என்று தெரிந்துவிடும். "அதே தப்ப அடிச்சதால எங்கள வாசலுக்கு வெளிய நிறுத்துனாங்க தாயி. லயத்துலயும் சாதி இருந்துச்சு. தோட்டத்துக்கே நேரஞ்சொன்னது இந்தத் தோலு, ஆனா தோல தொட்டவனுக்குத் தனிக் கோப்பை." குரல் உயரவில்லை, இறங்கவுமில்லை. அவருடைய இரண்டு மகன்கள் தப்பைத் தொட மறுத்துவிட்டார்களாம். அது அவர்களுடைய மானம், அதை நான் குறை சொல்ல மாட்டேன் என்றார். இப்போது பேரன் தானே கேட்டு எடுத்திருக்கிறான். வெட்கப்பட்டுக் கீழே வைத்ததை, அடுத்த தலைமுறை தலைநிமிர்ந்து எடுக்கிறது.

ரதி அழும் மெட்டை முனகிக் காட்டினேன், அம்மா முனகியபடியே. வரி முடிந்து நான் நின்றபோது தாத்தாவின் விரல்கள் நாற்காலிக் கையில் நின்றன. நான் தொடர்ந்தபோது அவையும் தொடர்ந்தன. மூன்று வரி போனது.

"இந்த நிப்பாட்டு எங்கேருந்து வந்தது தாத்தா?"

அவர் எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். சிமெந்து போட்ட முற்றத்தைக் காட்டினார்.

"இங்கதான் கம்பம் நடுவோம். அப்ப சிமெந்து இல்ல. இந்தா, இதுக்குக் குறுக்கால ஒரு கான் ஓடுச்சு."

தோட்டத்தில் கான் என்றால் மழைத்தண்ணீர் ஓட வெட்டிய வாய்க்கால். மழை கொட்டும் இந்தச் சரிவில் கான் இல்லாவிட்டால் லயமே வழித்துக்கொண்டு போய்விடும். முற்றத்தில் சமதரை இருந்தது அந்த ஒரு துண்டுதான். அதிலும் நடுவே கான். கம்பம் கானின் ஓரத்தில். ரதி கம்பத்தைச் சுற்றினால் ஒரு சுற்றில் இரண்டு முறை கானைத் தாண்டியாக வேண்டும். ஒரு வரிக்கு அரைச்சுற்று. ஒவ்வொரு வரியும் கானில் வந்து முடியும்.

"ராத்திரி, பந்தந்தான் வெளிச்சம். ரதி வேசம் கட்டினது எங்கண்ணன். கண்ணு நெறய மை, தலையில முக்காடு. அழுதுகிட்டே ஆடுறவனுக்குக் கீழ கான் எங்க தெரியும்? மொத வருசம் விழுந்துட்டான். முட்டியெல்லாம் ரத்தம். அடுத்த வருசம் நான் சொன்னேன், அண்ணே, கான் வந்தா நான் ரெண்டு அடி காலியா உடுறேன். தப்பு நின்னா நீ காலத் தூக்கு. மறுபடி விழுந்தா காலு அந்தாண்ட இருக்கணும்." இரண்டு கைகளாலும் காற்றில் அடித்துக்காட்டினார். "அம்புட்டுத்தான் தாயி."

நான் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். துக்கத்தின் விம்மல் அது என்று இத்தனை ஆண்டு நினைத்திருந்தேன். ஒரு தம்பி தன் அண்ணன் விழாமலிருக்க விட்ட இடைவெளி அது. இஸ்தோப்பில் உட்கார்ந்து பார்த்த சின்னப்பெண் ஒருத்தி அதைப் பாட்டின் பகுதியாகவே கேட்டாள், கூடவே கொண்டுபோனாள். ஹட்டனில் அடுப்படியில் மா பிசைந்தபோது அவள் கை ஒவ்வொரு வரியிலும் அந்தக் கானைத் தாண்டிக்கொண்டிருந்தது.

*

அப்படியானால் மெட்டு? நிறுத்தம் இந்த முற்றத்தில் பிறந்தது, மெட்டு எங்கே பிறந்தது?

மாசி அமாவாசை கழிந்து மூன்றாம்பிறை பார்த்துக் கம்பம் நடுவது, கரும்பும் ஆமணக்குக் கொப்பும் வைக்கோற்பிரியும் சேர்த்துக் கட்டுவது, ரதி மன்மதன் கலியாணம், சிவன் தவத்தைக் கலைக்க மன்மதன் கிளம்புவது, ரதி போகாதே என்று மறிப்பது, நெற்றிக்கண், தகனம், புலம்பல், உயிர்த்தெழுதல். இந்தக் கதை தமிழ்நாட்டிலிருந்து வந்தது என்பதில் ஐயமில்லை. தஞ்சாவூர்ப் பக்கத்தில் காமன் பண்டிகை இன்றும் உண்டு. அங்கே மன்மதன் எரிந்தான் என்று ஒரு கட்சி, எரியவில்லை என்று எதிர்க்கட்சி. இரண்டும் டேப்பு என்ற பறையை அடித்து விடியவிடிய லாவணி பாடும். அந்த லாவணியோ மராட்டியச் சொத்து. 1670-களில் வெங்கோஜி தஞ்சையைப் பிடித்தபின் 1855 வரை நீடித்த மராட்டியர் ஆட்சியில் அது காவிரிக்கரைக்கு வந்து தமிழ் பேசக் கற்றுக்கொண்டது.

ஆக, மராட்டியத்திலிருந்து தஞ்சாவூர், அங்கிருந்து கடல் கடந்து தெரணியகலை என்று கோடு போட்டுவிடலாமா? முடியாது. இந்தத் தோட்டங்களுக்கு ஆட்கள் தஞ்சாவூரிலிருந்து மட்டும் வரவில்லை. திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருநெல்வேலி, ஆர்க்காடு என்று பல சீமைகளிலிருந்து வந்தார்கள். கங்காணி தன் ஊரிலும் அக்கம்பக்கத்திலும் ஆள் சேர்த்துக் கூட்டமாகக் கொண்டுவருவான். ஒரு லயத்தில் சேலத்து ஆட்கள், அடுத்த லயத்தில் மதுரை ஆட்கள். முதலில் மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரை காட்டுவழி நடந்தார்கள். 2023-இல் ‘மலையகம் 200’ என்று அந்த வருகையின் இருநூறாண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடந்தவர்கள் அந்தச் சுவட்டைத்தான் மறுபடி மிதித்தார்கள். பின்னால் தூத்துக்குடிக் கப்பல், 1914 முதல் தனுஷ்கோடி தலைமன்னார்ப் படகு. ஒரே முற்றத்தில் கம்பம் நட்டபோது ஒவ்வொரு சீமைக்காரரும் தன் ஊர் ரதியைக் கொண்டுவந்திருப்பார். ஒப்பாரியின் இறக்கம் ஒருவரிடமிருந்தும், கும்மியின் நடை இன்னொருவரிடமிருந்தும், லாவணியின் மறுமொழி வேறொருவரிடமிருந்தும் சேர்ந்து ஒரே அழுகையாகியிருக்கும். தோட்டத்துக்குத் தோட்டம் மெட்டு வேறுபடுவதும் அதனால்தான். பாட்டுக்கு ஆணிவேர் ஒன்றில்லை. ஆலமரத்தைப்போல விழுது இறங்கிய இடமெல்லாம் வேர்தான்.

இந்தச் செல்வத்தை முதலில் கடதாசியில் ஏற்ற முனைந்தவர்களில் முதன்மையானவர் சி. வி. வேலுப்பிள்ளை. மடகொம்பரைத் தோட்டத்தில் பிறந்த அவர் தொழிற்சங்கத்துக்காக மலைமலையாக ஏறியபோதே பாட்டுகளையும் கேட்டு எழுதினார். ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்ற அவருடைய தொகுப்பு இல்லாதிருந்தால் எத்தனையோ குரல்கள் லயச் சுவருக்குள்ளேயே மடிந்திருக்கும். அவருக்கு முன்னே தொழிற்சங்கவாதி கோ. நடேசய்யரும் அவர் துணைவி மீனாட்சியம்மையும் மக்களுக்குப் பழகிய மெட்டுகளில் உரிமைச் சொற்களை ஏற்றித் தோட்டம் தோட்டமாகக் கொண்டுபோனார்கள். கூட்டம் போடத் துரை தடுக்கலாம், தெரிந்த மெட்டு காதுக்குள் போவதை யார் தடுப்பது?

*

கடலுக்கு மிக அப்பால் வேல்ஸ் நாட்டிலும் இப்படிப் பழைய இடைவெளியொன்றைச் சுமக்கும் மெட்டு உண்டு. நத்தார் காலத்தில் கொழும்புக் கடைகளில் ‘டெக் த ஹால்ஸ்’ என்று ஒலிக்கும் பாட்டை எல்லோரும் கேட்டிருப்போம். வரிக்கு வரி "ஃபா ல ல" என்று வரும். அதன் பழைய பெயர் ‘நோஸ் காலன்’, புத்தாண்டுக்கு முந்தைய இரவு. 18-ஆம் நூற்றாண்டில் ஜான் பாரி என்ற கண்தெரியாத யாழிசைக் கலைஞரின் கையெழுத்து ஏட்டில் அந்த மெட்டு இருக்கிறது. அங்கத்துச் சனம் யாழ்காரரைச் சுற்றி வட்டமாக ஆடும், ஆளுக்கொரு வரியாகக் கட்டிப்பாடும். வரிக்கு யாழ் பதில் சொல்லும். இன்று "ஃபா ல ல" என்று வாய் பாடும் இடம் அன்று யாழ் மட்டும் பேசிய இடம் என்பார்கள். 1862-இல் தாமஸ் ஒலிபண்ட் ஆங்கிலச் சொற்களை எழுதினார், பாட்டு உலகம் சுற்றியது. யாழ் போய்விட்டது. யாழ் இருந்த இடம் பாட்டுக்குள் அப்படியே இருக்கிறது.

எங்கள் பாட்டில் கான் இருந்த இடம் இருப்பதைப்போல.

அந்த நாட்டிலும் ஆட்டம் அழியப்பார்த்தது. மெதடிஸ்ட் போதகர்கள் ஆட்டத்தையும் பாட்டையும் பாவமென்று ஒதுக்கவைத்தார்கள் என்று எட்வர்ட் ஜோன்ஸ் என்ற யாழிசைக்காரர் 1802-இல் அச்சான தம் நூலில் மனம் நொந்து எழுதினார். நான்ட்காரூ என்ற ஊரின் ஆட்டங்கள் பிழைத்தது ஒரு தாயின் நினைவால். கேதரின் மார்கரெட்டா தாமஸ் சின்ன வயதில் பார்த்த ஆட்டங்களைச் சொல்லச் சொல்ல, மகள் கெயின்வென் தாமஸ் எழுதிவைத்தார். இன்று வேல்ஸ் இளைஞர்கள் மேடையில் ஆடுவது அந்தத் தாய் கண்ணால் பார்த்ததை.

இதைப் படித்த நாளில் அம்மாவை நினைத்துக்கொண்டேன். 1948-இன் சட்டம் தகப்பன், தகப்பனின் தகப்பன், அவனுடைய தகப்பன் என்று மட்டும் கேட்டது. தாயைக் கேட்கவில்லை. ரதி வேசம் கட்டியதும் தப்படித்ததும் ஆண்கள்தான். ஆனால் ஆட்டம் முடிந்து வேசம் கலைந்த பிறகு, மிச்சம் பதினொரு மாதமும் அந்த மெட்டைச் சாகாமல் காத்தவர்கள் பால்வாளி தூக்கிய பெண்கள், பிள்ளையைத் தொட்டிலில் போட்டு ஆட்டிய பெண்கள், மா பிசைந்த பெண்கள். அம்மாயியிடமிருந்து அம்மா, அம்மாவிடமிருந்து நான். எந்தச் சட்டமும் கேட்காத வழி இது.

*

அன்றிரவு சின்னம்மா வீட்டிலிருந்து பெரியம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் பேசினேன். அவர் இருப்பது கர்நாடகத்தில், சுள்யாவுக்குப் பக்கத்தில்.

1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் நாடற்றவர்களைப் பங்கிடக் கையெழுத்திட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரை அப்புறம் பார்த்துக்கொள்வதாக வைத்து, 1974-இல் பாதிப்பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். கொழுந்து பறித்தவர்களுக்காக நீலகிரியில் தேயிலை நட்டார்கள். பால்வெட்டுத் தெரிந்தவர்களுக்குக் கேரளத்தில் புனலூரும் கர்நாடகத்தில் சுள்யா, புத்தூரும். பெரியம்மா தலைமன்னாரில் கப்பலேறியபோது அம்மாவுக்குப் பன்னிரண்டு வயது. சுள்யாவில் மறுபடியும் ரப்பர் மரம், மறுபடியும் பால்கத்தி, மறுபடியும் லயம். அங்கே அவரைச் சிலோன்காரி என்பார்கள். இங்கே இருந்தபோது இந்தியாக்காரி.

"பெரியம்மா, ரதி அழுவுற பாட்டு நெனவிருக்கா?"

கொஞ்சநேரம் ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம் அந்தப் பக்கமிருந்து மெட்டு வந்தது. குரல் நடுங்கியது. ஒன்றிரண்டு சுரங்கள் அம்மாவுடையதைவிடத் தாழ்ந்திருந்தன. நடுவரியில் அம்மாவிடம் இல்லாத ஒரு வளைவு இருந்தது, கன்னட ஊரில் ஐம்பது வருசத்தில் ஒட்டிக்கொண்டதோ, அவருக்கே உரியதோ. ஆனால் வரி இறங்கித் தரையைத் தொட்டதும் அவர் நின்றார்.

இரண்டு எண்ணிக்கை.

கானின் கதையைச் சொன்னேன். பெரியம்மா வெகுநேரம் பேசவில்லை. "அந்தக் கான்லதான்டி உங்கம்மா சிரட்டைய கப்பலா உடுவா" என்றார் கடைசியில்.

*

தகன இரவு. முற்றத்தின் நடுவே கம்பம். கீழ்க்கிராமத்திலிருந்து சிங்களக் குடும்பத்தாரும் பாய் எடுத்துக்கொண்டு வந்திருந்தார்கள். பெரஹராவில் தவுல் அடிக்கும் ஒரு பெரியவர் தாத்தாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக் கொடுத்தார். இருவருக்கும் நாற்பது வருசத்துக்கு மேற்பட்ட பழக்கமாம். எண்பத்துமூன்றில் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்தில் எங்கே ஒளிந்திருந்தீர்கள் என்று தாத்தாவிடம் பகலில் கேட்டிருந்தேன். "இவரு வீட்டுக் கூரைக்கு மேல" என்றார் இப்போது, அந்தப் பெரியவரைக் காட்டி.

பையன்கள் நெருப்பு மூட்டித் தப்புக் காய்ச்சினார்கள். தோல் இறுகியதும் விரலால் தட்டிப்பார்த்தார்கள். தாத்தாவின் பேரன்தான் முன்னே நின்றான். ரதி இந்த முறை ஒரு பெண்பிள்ளை, உயர்தரம் படிப்பவள். பெண் வேசம் பெண்ணே கட்டட்டும் என்று தோட்டத்தில் பேசி முடிவெடுத்திருந்தார்கள்.

நெற்றிக்கண் திறந்தது. வைக்கோல் பற்றியது. மன்மதன் விழுந்தான். ரதி முக்காட்டை இழுத்துக்கொண்டு எழுந்தாள். மெட்டு தொடங்கியது.

நிறுத்தம் வரவில்லை. பையன்கள் ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்துக் கூத்துகளை போனில் பார்த்துப் பழகியவர்கள். வரி முடிவதற்குள் அடுத்த வரி பாய்ந்தது. எனக்கு நெஞ்சு அடைத்தது. தாத்தாவைப் பார்த்தேன். அவர் முகத்தில் வருத்தமில்லை. "அவன் அடி அவனுக்கு" என்றார்.

இரண்டாம் சுற்றில்தான் கவனித்தேன். முற்றத்தின் ஓரிடத்தில் ரதி பாதத்தை வழக்கத்தைவிட உயரத் தூக்கி வைத்தாள். அரைச்சுற்று கழித்து, எதிர்ப்பக்கத்தில், மறுபடியும். கீழே வழுவழுப்பான சிமெந்து. அவளுக்குப் பயிற்சி கொடுத்தது அவளுடைய அம்மாயி என்று சின்னம்மா காதருகே சொன்னார். கான் இருந்ததே அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. அவள் பிறப்பதற்கு முன்பே அதை மூடிவிட்டார்கள்.

தூக்கிய கால் இறங்குமுன் தப்பு அடுத்த வரிக்கு ஓடிவிட்டது. மூன்றாம் சுற்றில் பேரன் அவள் காலையே பார்த்துக்கொண்டு அடித்தான். நான்காம் சுற்றில், வரி இறங்கி முடிந்த இடத்தில், அவன் குச்சி காற்றில் நின்றது. மற்றப் பையன்களின் குச்சிகளும் ஒவ்வொன்றாக நின்றன.

ரதி காலைத் தூக்கினாள். இல்லாத கானின் மறுகரையில் வைத்தாள். தப்பு விழுந்தது.

தவுல்காரப் பெரியவர் தாத்தாவின் பக்கம் திரும்பித் தலையை ஆட்டினார். தாத்தா பார்க்கவில்லை. அவர் கண்கள் சிமெந்துத் தரையின் அந்த ஓரிடத்திலேயே இருந்தன. விரல்கள் நாற்காலிக் கையில் அடுத்த வரியின் முடிவுக்காகக் காத்திருந்தன.